மூன்று நிமிடம் மிச்சமிருந்த விளையாட்டு

அப்பு,

இதை நீ எந்த வயதில் படிக்க வேண்டும் என்று இன்னும் எனக்குள் முடிவாகவில்லை. பதினெட்டு முடிந்ததும் கொடுக்கலாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு, நீ வேலைக்கென்று வெளியூர் போகும் அன்று துணிகளுக்கு நடுவே வைத்துவிடலாம் என்று தோன்றியது. எப்படியும் இதைப் படிக்கிறவன் மீசை வைத்த ஒரு ஆள். நான் எழுதும்போது எனக்கு முன்னால் இருப்பவனோ ஆறு வயது ஆகப்போகிற பையன். கடைக்குள் காகிதக் கட்டுகளின் மேல் ஏறி உட்கார்ந்து, வலது கண்ணில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு, வேர்க்கடலை தின்கிறான். நாளைக் காலை ஐந்தே முக்கால் பஸ்ஸில் உன்னை மதுரைக்கு அழைத்துப் போகிறோம். ஆறு மாதமாக உன் வலது கண்ணை மூடி வைத்ததற்கு இடது கண் விழித்துக்கொண்டதா இல்லையா என்று அங்கே டாக்டர் பார்த்துச் சொல்வார். அவர் சொன்ன பிறகு எழுதினால் இது வேறு கடிதமாகிவிடும். நல்ல பதில் வந்தால் என் தப்பை நானே மறந்துவிடுவேன். வராவிட்டால் அழுதுகொண்டே எழுதுவேன், உனக்கு ஒன்றும் விளங்காது. அதனால் பதில் தெரியாத இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே உட்கார்ந்துவிட்டேன். உண்மையில் ஆறு மாதம் முன்பே எழுதியிருக்க வேண்டும். தாமதம்தான்.

நம் கடை உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. நாகல் நகர் போகும் வழியில், பூட்டுக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே ஒரு ஷட்டர் அகலம். கல்யாணப் பத்திரிகை, காதணி விழாப் பத்திரிகை, கடைத் திறப்பு நோட்டீஸ் எல்லாம் இங்கே கம்ப்யூட்டரில் அடித்து, வடிவம் பண்ணி, அச்சுக்கு அனுப்புவோம். அடிப்பது நான், அச்சாபீசுக்கும் பேப்பர் கடைக்கும் அலைவது உன் அப்பா. கணக்கில் பி.எஸ்சி. படித்தவள் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயரைத் தந்தை வழிக்கு மேலே போடுவதா கீழே போடுவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேனே என்று முதல் வருடம் அழுகை வந்தது. இப்போது வருவதில்லை. அந்தப் பட்டியலை ஒழுங்காக அடுக்குவதற்கும் கொஞ்சம் கணக்கு வேண்டியிருக்கிறது. ஒரு சித்தப்பா பெயர் விட்டுப்போனால் அந்தக் குடும்பமே மண்டபத்துக்கு வராது.

விளையாட்டு வந்தது எழுத்துருக்களோடு. உன் அப்பா ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகை வாங்கினார். அதனோடு ஒட்டி வந்த சி.டி.யில் புதிய எழுத்துருக்கள் இருந்தன, அதற்காகத்தான். அதே சி.டி.யில் இன்னொரு மூலையில் ஏழெட்டு விளையாட்டுகள் கிடந்தன. ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் இலவசம். அறுபது நிமிடம் முடிந்ததும் ஒரு பெட்டி எழுந்து நின்று டாலரில் விலை சொல்லும், கிரெடிட் கார்டு நம்பர் கேட்கும். திண்டுக்கல்லில் அப்போது எனக்குத் தெரிந்து கிரெடிட் கார்டு வைத்திருந்தவர் தோல் பதனிடும் ஷாப்புக்காரர் ஒரே ஒருவர். அவரிடம் போய், ஒரு பெண் ஓட்டலில் தட்டு ஏந்துகிற விளையாட்டுக்குப் பணம் கட்டுங்கள் என்று கேட்க முடியுமா? அதனால் நான் முதல் ஒரு மணி நேரத்தோடு நிறுத்திக்கொண்டேன். பிராட்பேண்ட் வந்த பிறகு புதிது புதிதாக இறக்கிக்கொண்டேன். இன்றைய தேதிக்கு எனக்கு நாற்பது விளையாட்டுகளின் தொடக்கம் தெரியும். ஒன்றின் முடிவும் தெரியாது.

அந்த அறுபது நிமிடத்தில் ஒரு நல்ல குணம் உண்டு. விளையாட்டு திறந்திருக்கும்போதுதான் அது ஓடும், மூடிவிட்டால் நின்றுவிடும். ஆக ஒரு பத்திரிகைக்கும் அடுத்த பத்திரிகைக்கும் நடுவே ஐந்து நிமிடம், புரூப் பார்க்க ஆள் வரும்வரை நான்கு நிமிடம் என்று ஒரு மணி நேரத்தைப் பதினைந்து நாள் வைத்துக்கொள்வேன். உன் அப்பா ஒருநாள் பின்னால் வந்து நின்று பார்த்தார். திரையில் நான்கு மேசை, நான்கு குடும்பம், ஒவ்வொருவர் தலைக்கு மேலும் இதயப் படங்கள். காக்க வைத்தால் இதயம் ஒவ்வொன்றாகக் குறையும். நான் ஆர்டர் எடுத்து, தட்டு வைத்து, பில் கொடுத்து, மேசை துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏன்டி, வீட்டுல கழுவுறது பத்தாதுன்னு அங்கயும் போயித் தட்டுக் கழுவுறியா?"

"அங்க கழுவுனா கை தட்டுறாங்க. இங்க யாரு தட்டுனா?"

"கை தட்டணுமா? இந்தா." அவர் பலமாகத் தட்டினார். பக்கத்து ஜெராக்ஸ்காரர் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, யாருக்குப் பொறந்த நாளு?" என்றார்.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அந்த விளையாட்டைப் பற்றி எனக்குச் சொந்தமாக ஓர் அபிப்பிராயம் உண்டு, அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? எல்லாரும் அது வேகத்துக்கான விளையாட்டு என்று நினைக்கிறார்கள். கிடையாது. வேகமாக ஓடுகிறவள் நான்காம் கட்டத்தில் தோற்றுவிடுவாள். ஒரே மாதிரி வேலைகளைச் சேர்த்துச் செய்தால்தான் புள்ளி: நான்கு மேசைக்கும் ஒன்றாக ஆர்டர் எடு, நான்கு தட்டையும் ஒன்றாக வை. நான் இதைக் கற்றுக்கொண்ட பிறகுதான் கடையிலும், முதலில் எல்லாப் பத்திரிகைக்கும் பெயர்ப் பட்டியல், அப்புறம் எல்லாவற்றுக்கும் நேரம், இடம், அப்புறம் ஓரச் சித்திரம் என்று மாறினேன். முகூர்த்த மாதத்தில் இரண்டு மணி நேரம் மிச்சமாகிறது. எனக்குப் பிடிக்காதது, பாதியில் நல்ல காப்பி மெஷின், வேகமான செருப்பு என்று வாங்கச் சொல்லும் ரகம். செருப்பு வாங்கினால் ஜெயிக்கலாம் என்றால் நான் எதற்கு? இன்னொன்றும் எனக்கு விளங்குவதே இல்லை. இதயம் தீர்ந்ததும் அந்த வாடிக்கையாளர்கள் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போய்விடுகிறார்கள். எந்த ஊரில் அப்படிப் போவார்கள்? நம் கடையில் காத்திருக்கிறவர் போகவே மாட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டார் எப்படிப்பட்டவர்கள் என்று ஆதியிலிருந்து ஆரம்பிப்பார்.

ஆனால் நானும் நீயும் சேர்ந்து விளையாடியது இன்னொரு ரகம். ஒரு பழைய அறை. அதற்குள் நூறு சாமான்கள் அடைந்து கிடக்கும். கீழே பன்னிரண்டு பெயர்கள். சீப்பு, சுத்தியல், மீன், ஏணி. அவற்றைத் தேடி ஒவ்வொன்றாக மவுசால் தொட வேண்டும். பட்டியல் ஆங்கிலத்தில் இருக்கும். விரலில் மாட்டித் தைக்கிற தொப்பிக்கு ஒரு பெயர், கதிர் அறுக்கிற அரிவாளுக்கு ஒரு பெயர் என்று கல்லூரி எனக்குக் கற்றுத்தராத ஆங்கிலமெல்லாம் அங்கேதான் படித்தேன். பக்கத்தில் டிக்‌ஷனரி திறந்தே இருக்கும். உனக்கு மூன்றரை வயதில் என் மடியில் வந்து உட்கார ஆரம்பித்தாய். நான் தமிழில் சொல்வேன், "கரண்டி". நீ உடனே விரலை நீட்டுவாய். நாலரை வயதில் என்னைவிட நீதான் வேகம். உன் அப்பா உன்னை, "ஏலே கழுகுக் கண்ணா" என்று கூப்பிட்டார்.

அந்த அறைகள் எனக்குப் பெரிய ஆச்சரியம். யார் அந்த வீட்டுக்காரர்கள்? அடுப்படியில் கிராமபோன் பெட்டி, கட்டில் மேல் தூண்டில், சுவர்க் கடிகாரத்துக்குள் வாழைப்பழம். தொடக்கத்தில் எப்போதும் ஒரு பணக்காரர் காணாமல் போயிருப்பார், அல்லது செத்துப்போயிருப்பார். அவர் வீட்டை ஒரு பெண் வந்து தேடுவாள். பிறகு என்ன ஆயிற்று என்று எனக்கு எப்படித் தெரியும், அறுபது நிமிடத்தில் அவள் இரண்டாவது அறையைத் தாண்டியதில்லை. நல்ல விளையாட்டு எது, சோம்பல்பட்டுச் செய்தது எது என்று பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவேன். நல்லதில், ஒளிந்திருக்கும் சாமான் அந்த இடத்துக்குச் சொந்தமானதாக இருக்கும். கத்தி காய்கறிக்கு நடுவே இருக்கும். கண்ணுக்கு முன்னால் இருந்தும் தெரியாது. மட்டமானதில், கத்திக்குச் சுவரின் நிறத்தைப் பூசி ஒட்டிவைத்திருப்பார்கள். அது ஒளித்து வைப்பது அல்ல, ஏமாற்று. நானே ஒரு அறை வரைந்தால் நம் கடையைத்தான் வரைவேன் என்று நினைத்துக்கொள்வதுண்டு. ஒட்டிப்போன ஸ்டாம்ப் பேடு, யாரோ விட்டுப்போன மூக்குக் கண்ணாடி, மாதிரிப் பத்திரிகைக் கட்டு, சிறுமலை வாழைப்பழச் சீப்பு, மேசைக்கு அடியில் நீ.

மடியில் நீ எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, முகத்தைக் கொஞ்சம் இடதுபக்கம் திருப்பிக்கொண்டுதான் உட்காருவாய். வலது கண் திரைக்கு நேராக இருக்கும். உன் அப்பாவும் போட்டோவுக்கு நின்றால் அப்படித்தான் முகத்தைத் திருப்புவார். எங்கள் கல்யாண ஆல்பத்தில் பார், ஒரு படத்தில்கூட நேராகப் பார்க்கவில்லை. "அப்பன மாதிரியே ஸ்டைலப் பாரு" என்று கொஞ்சினேன். நூறு சாமான்களுக்கு நடுவே ஒரு ஊசியைக் கண்டுபிடிக்கிறவள், மடியில் ஒன்றரை வருடமாக இருந்ததைப் பார்க்கவில்லை. பார்த்தேன், பார்த்து முத்தம் கொடுத்தேன்.

இனி ஒரு குடையின் கதை. உனக்கு ஐந்து வயது தாண்டி மூன்று மாதம். வலது கண்ணில் கண்கட்டி வந்திருந்தது. நாமக்கட்டியை இழைத்துப் பற்றுப் போட்டிருந்தேன். இமை வீங்கி, கண் முழுவதும் மூடியிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் கடைக்குக் கூட்டி வந்தேன். எனக்குப் பிடித்த ஒரு விளையாட்டில் பதினோரு நிமிடம் பாக்கி இருந்தது. அதிலும் அந்த அறைக்கென்று தனிக் கடிகாரம் வேறு ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டில் பதினொன்று எடுத்தாகிவிட்டது. குடை மட்டும் அகப்படவில்லை. உன்னைத் தூக்கி மடியில் வைத்தேன்.

"அப்பு, குடை எங்கன்னு பாரு. சீக்கிரம்."

நீ வீங்காத கண்ணால் திரையையே பார்த்தாய். "தெரியலம்மா."

"நல்லாப் பாரு. அந்தப் பெரிய கடிகாரம் இருக்குல்ல, அதுக்குக் கீழ இருக்கா?"

"எங்கம்மா கடிகாரம்?"

கடிகாரம் திரையில் என் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. நீ அடம் பிடிக்கிறாய் என்று நினைத்தேன். காலையில் மிட்டாய் வாங்கித் தரவில்லை என்ற கோபம். "கண்ணத் தொறந்து பாருடா" என்றேன்.

"தொறந்துதாம்மா இருக்கேன். எல்லாம் கோலத்தக் காலால அழிச்சாப்புல இருக்கு."

அந்த வாக்கியத்தை இன்றைக்கும் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. ஐந்து வயதுப் பிள்ளை தனக்கு எப்படித் தெரிகிறது என்று இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்லும்? நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சோம்பேறி. விடு, நானே பாத்துக்கிறேன்" என்று மவுசை உன் கையிலிருந்து பிடுங்கினேன். கண்டபடி தட்டினேன், அப்படித் தட்டினால் அபராதமாக இன்னும் கொஞ்சம் நேரம் போகும், போயிற்று. நீ மடியிலிருந்து இறங்கி மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாய். அந்த நேரம் பார்த்து சாணார்பட்டிக்காரர் ஒருவர் காதணி விழாப் பத்திரிகையின் புரூப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"என்ன தாயி, எம் மச்சினன் பேர விட்டுப்புட்டிகளே! அவன் ஒருத்தன் மொறச்சான்னா கெடா வெட்டு நின்னு போகும் தாயி."

விளையாட்டை மூடினேன். மூடும்போது மூன்று நிமிடம் பாக்கி என்று காட்டியது. சாணார்பட்டிக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து அந்த மச்சினன் எப்படிப்பட்டவன் என்று ஆரம்பித்தார். குனிந்து மேசைக்கு அடியில் உன்னைப் பார்த்துவிட்டு, "யாரு பேராண்டி, அங்ஙன என்ன தேடுற?" என்று கேட்டார்.

நான்கைந்து நாளில் கண்கட்டி அமுங்கிவிட்டது. வேறொரு விளையாட்டில், வைக்கோல் போருக்குள் இருந்த தையல் ஊசியை நான் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நீ காட்டினாய். அப்போதுதான் எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. முதலில் வந்தது பயம் இல்லை, அப்பு, சும்மா ஒரு குறுகுறுப்பு. விளையாடுகிறவளுக்கு வருகிற குறுகுறுப்பு. ஊசி தெரிகிறவனுக்கு உள்ளங்கை அகலக் கடிகாரம் ஏன் தெரியவில்லை? கோபம் என்றால் கோபம் பத்து நிமிடம் இருக்கும். நீ அவ்வளவு நேரம் கோபத்தை வைத்துக்கொள்கிற ஆளே இல்லை. இரண்டு நாளுக்கும் நடுவே மாறியது என்ன என்று யோசித்தேன். ஒரு கண்தான் மாறியிருந்தது.

கையில் இருந்ததை வைத்துச் சோதனை செய்தேன். ஒரு தாளில் 'அ' என்று எழுபத்திரண்டு பாயிண்டில் அடித்தேன். ஒன்றரை விரல் அகலம் இருக்கும். அடுத்தடுத்த தாள்களில் வேறு வேறு எழுத்து, நாற்பத்தெட்டு, பிறகு முப்பத்தாறு, இருபத்துநாலு, பதினெட்டு. பிரிண்ட் எடுத்து ஷட்டரை இறக்கி அதன் உட்பக்கம் வரிசையாக ஒட்டினேன். உன்னை மேசை அருகே நிறுத்தி, மஞ்சள் தடவிய ஒரு மாதிரிப் பத்திரிகையால் இடது கண்ணை மூடினேன். பதினெட்டு பாயிண்ட் வரை படபடவென்று சொன்னாய். பத்திரிகையை வலது கண்ணுக்கு மாற்றினேன். நீ ஓரத்தில் எட்டிப் பார்த்தாய். "கள்ளாட்டம் ஆடாதடா" என்று அழுத்தி மூடி, முதல் தாளைக் காட்டினேன்.

"என்ன எழுத்து?"

"அதுல ஒண்ணும் போடலயேம்மா. வெறும் பேப்பரு."

நான் போய் அந்தத் தாளைத் தொட்டுப் பார்த்தேன். பிரிண்டரில் மை தீர்ந்துவிட்டதோ என்று ஒரு கணம் உண்மையாகவே நினைத்தேன். கன்னங்கரேலென்று இருந்தது எழுத்து.

இனிச் சொல்லப் போவதுதான் தப்பு. குடை அன்று நடந்தது அறியாமை. அதற்கு என்னை மன்னித்துக்கொள்ள எனக்கு வழி இருக்கிறது. இதற்கு இல்லை. அந்தத் தாள்களைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, நான் மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை. சின்னாளப்பட்டியிலிருந்து உன் அத்தை, அப்பாவின் அக்கா, மாதம் இருமுறை வந்து போவார். வந்தால் கடையில் உட்கார்ந்து, "இந்தப் பொட்டியவே பாத்துக்கிட்டு இருந்தா பிள்ள கண்ணு அவிஞ்சு போகும்டி" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். அவர் சொன்னதுதான் பலித்தது என்று ஆகிவிடும். உன் அப்பா என்னை ஒன்றும் சொல்லமாட்டார், அதுதான் கஷ்டம். இதெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், என் விளையாட்டைப் பிடுங்கிவிடுவார்களே என்ற பயமும் அதில் கலந்திருந்தது. நாள் முழுக்க அடுத்த வீட்டுக் கல்யாணங்களை அடித்துக்கொண்டிருக்கிறவளுக்கு அந்த ஐந்து ஐந்து நிமிடம்தான் சொந்தம் என்று இருந்தது. அதை உன் கண்ணோடு ஒரே தராசில் வைத்தேன், அப்பு. மூன்று வாரம் வைத்திருந்தேன். நான் நல்ல அம்மா என்று யாராவது உன்னிடம் சொன்னால் இதையும் சேர்த்து நினைத்துக்கொள்.

கடைசியில் சொன்னது, சோறு போடும்போது. உன் அப்பா கையைக் கழுவிவிட்டு வந்து, உன் வலது கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடி, தன் முகத்தை உன் முகத்துக்கு அருகில் கொண்டுவந்து, "அப்பா மூக்கு எங்கருக்கு?" என்று கேட்டார். நீ தடவித்தான் தொட்டாய். மறுநாளே மதுரைக்குப் போனோம்.

டாக்டரம்மா இரண்டு கண்ணிலும் மருந்து விட்டு, வெகுநேரம் பார்த்தார். பிறப்பிலிருந்தே இடது கண்ணில் பவர் அதிகம். மங்கலாகத் தெரிவதால் மூளை அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டு, நல்ல கண்ணை வைத்தே எல்லா வேலையையும் செய்துகொள்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது என்றார். "சோம்பேறிக் கண்ணும்பாங்க" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் உன்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தேன். கண்ணாடி போட்டு, நல்ல கண்ணை ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் மூடிவைத்தால், வேறு வழியில்லாமல் அந்தக் கண் வேலைக்கு வரும். ஆனால் அதற்கு ஒரு வயது இருக்கிறது. ஏழு எட்டு தாண்டினால் கஷ்டம். எல்லாருக்கும் முழுதாகத் திரும்பும் என்றும் சொல்ல முடியாது.

நான் கேட்டேன். "கம்ப்யூட்டர்ல கேம் ஆடுனதுனாலயா டாக்டர்?"

"அதுனால இல்லம்மா. ஆடலன்னா நீங்க இன்னும் ரெண்டு வருசம் கழிச்சு வந்திருப்பீங்க. என்ன கேம்?"

சொன்னேன். அறை, சாமான், பட்டியல் எல்லாம். அவர் சிரித்தார். "பிளாஸ்திரி ஒட்டிட்டு அதையே ஆடச் சொல்லுங்க. பக்கத்துல வச்சுப் பாக்கிற வேலை எதுவும் நல்லது. ஆனா அவன்தான் தேடணும், நீங்க தேடிக் குடுக்கக் கூடாது."

அத்தையிடம் உன் அப்பா இதைச் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். அத்தை நம்பவில்லை. "எந்த ஊரு டாக்டருடா பொட்டியப் பாக்கச் சொன்னாரு?" என்றார். இருந்தாலும் அடுத்த முறை வரும்போது, கறிவேப்பிலையும் முருங்கைக்கீரையும் ஒரு பை நிறையக் கொண்டுவந்தார்.

இந்த ஆறு மாதத்தை நீ மறந்திருப்பாய். முதல் வாரம் பிளாஸ்திரியைப் பிய்த்துப் பிய்த்து எறிந்தாய். தடுக்கி விழுந்தாய். பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் ஒற்றைக் கண்ணன் என்றதற்கு, "ஒனக்கு ரெண்டு கண்ணு இருந்து என்னத்தக் கிழிச்ச?" என்று கேட்டுவிட்டு வந்தாய், அதை உன் டீச்சர் என்னிடம் புகாராகவும் சொன்னார், சிரித்துக்கொண்டும் சொன்னார். சாயங்காலம் பிளாஸ்திரியை எடுத்ததும் கண்ணைச் சுற்றிச் சிவந்திருக்கும். தேங்காய் எண்ணெய் தடவுவேன். விளையாட்டில் முதல் மாதம் நீ ஒரு சாமான்கூட எடுக்கவில்லை. திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குப் போய், "இது என்னது, இது என்னது" என்று கேட்டுக்கொண்டே இருப்பாய். நான் பதில் சொல்லாமல் இருந்தது என் வாழ்க்கையிலேயே கஷ்டமான வேலை.

இதில் என் அபிப்பிராயமும் ஒன்று மாறிப்போயிற்று. தேடும் விளையாட்டில் நேரம் ஓடினால்தான் விறுவிறுப்பு, கடிகாரம் இல்லாதது சவசவ என்று நான் பலமாகச் சொல்லிவந்தவள். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஓட்டல் விளையாட்டுக்குக் கடிகாரம் வேண்டும். அங்கே என்ன செய்ய வேண்டும் என்று தெரியும், எப்போது என்பதுதான் கேள்வி. தேடுகிறவனுக்கு எதற்குக் கடிகாரம்? கடிகாரம் ஓடும்போது அவன் தேடுவதில்லை, தட்டுகிறான். நான் அன்று செய்தது அதுதான். இரண்டும் இரண்டு வேலை, ஒன்றின் சட்டத்தை இன்னொன்றுக்குள் கொண்டுபோகக் கூடாது. உனக்கு நாளைக்கு ஒரு பெண்டாட்டி, ஒரு பிள்ளை, கீழே வேலை செய்கிற ஒரு ஆள் என்று இருப்பார்கள். அவர்களில் யாராவது தெரியவில்லை என்று சொன்னால், நல்லாப் பார் என்று சொல்வதற்கு முன்னால் அவர்கள் இடத்தில் போய் ஒரு நிமிடம் உட்கார்ந்து பார். எனக்கு அது உள்ளங்கை அகலக் கடிகாரமாகத் தெரிந்தது. உனக்கு அழிந்த கோலம்.

இவ்வளவும் அடித்துவிட்டு நிறுத்தினேன். கரண்ட் போயிருந்தது, யு.பி.எஸ். கத்த ஆரம்பித்தது, சேமித்துவிட்டு மூடினேன். கரண்ட் வந்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. அந்தக் குடை விளையாட்டை அன்றைக்குப் பிறகு நான் திறக்கவே இல்லை. இந்த மெஷினிலேயே அது அப்படியே கிடக்கிறது, மூன்று நிமிடத்தோடு.

உன்னைக் கூப்பிட்டேன். நீ பிளாஸ்திரியோடு வந்து மடியில் உட்கார்ந்தாய், கனத்துவிட்டாய் இப்போது. அதே அறை வந்தது. பாதியில் விட்டால் சாமான்களை வேறு வேறு இடத்தில் கலைத்துப் போட்டுவிடும். அதனால் பட்டியல் புதிது, ஆனால் கடைசியில் குடை இருந்தது. பெயர்களை ஒரு தடவை தமிழில் வாசித்துக் காட்டிவிட்டு, என் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

"அம்மா, அதே கடிகார வீடு" என்றாய். முதலில் கடிகாரத்தைத் தொட்டாய். யாரும் கேட்காமலே, பட்டியலில் அது இல்லாமலே தொட்டாய். அதற்கு அபராதம் விழுந்தது. விழட்டும். அப்புறம் ஏணி. வெகுநேரம் கழித்துச் செருப்பு. "இரும்மா, இரும்மா" என்று நீயே சொல்லிக்கொண்டாய். சாவியைத் தொட்டபோது நேரம் முடிந்துவிட்டது. திரை மங்கி, டாலரில் விலை சொல்லும் பெட்டி எழுந்து நின்றது.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

நீ மடியிலிருந்து இறங்கிக்கொண்டே சொன்னாய். "குடை கட்டிலுக்கு அடியில இருந்துச்சு. பிடி மட்டும் நீட்டிக்கிட்டு."

"ஏன்டா எடுக்கல?"

"நீதான அன்னைக்கித் தேடுன. நீயே எடுத்துக்குவன்னு விட்டேன்."

உண்மையில் பார்த்தாயா, இல்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாயா? எனக்குத் தெரியாது. கட்டிலுக்கு அடியை நான் பார்க்கவில்லை. உன் பின்னந்தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இனி அந்த விளையாட்டு இந்த மெஷினில் திறக்காது. வேறு மெஷினில் போட்டால் சாமான்கள் இடம் மாறியிருக்கும். நாளை டாக்டரம்மா தன் விளக்கை வைத்து உன் கண்ணுக்குள் பார்த்து ஒரு கணக்குச் சொல்வார். குடை இருந்ததா என்று அவராலும் சொல்ல முடியாது. இருந்தது என்று நீ சொன்னாய். நான் அதை எடுத்துக்கொண்டேன்.

உன் அப்பா பஸ்ஸுக்குத் தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் வாங்கி வந்துவிட்டார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, "இன்னும் என்னத்த அடிக்கிற? யாரு வீட்டுக் கல்யாணம்?" என்று கேட்கிறார். முடித்துவிடுகிறேன்.

இந்தக் கடிதம் முழுவதையும் பன்னிரண்டு பாயிண்டில் வைத்திருக்கிறேன், பத்திரிகையில் பெரியவர்கள் பெயருக்குக் கீழே பிள்ளைகள் பெயரைப் போடுகிற அளவு. இப்போது உன் வலது கண்ணைக் கையால் மூடிக்கொள். விரல் இடுக்கில் எட்டிப் பார்க்காதே, நீ பார்ப்பாய். இந்த வரி தெரிகிறதா? எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல். இந்தத் தடவை முதல் சொல்லிலேயே நம்புவேன்.

உன்
அம்மா